எண்பது

ருஸ்தாவி எஃகு ஆலையில்
என் கட்டைவிரல் அசைந்தால்
பன்னிரண்டு டன் எழும்.
முனகாமல் எழும்.
கீழே நிற்பவர்கள்
தலைக்கவசத்தைப் பிடித்தபடி
அண்ணாந்து பார்ப்பார்கள்,
என்னை அல்ல, கொக்கியை.

ஆறரைக்கு
பழைய பேருந்துப் பணிமனையின் நிலவறையில்
எண்பது கிலோ.
ஏழு வாரமாக எண்பது கிலோ.
முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழே
வந்து நின்றுவிடும்,
வாடகை கேட்டுப் படியிலேயே நிற்கும்
வீட்டுக்காரரைப் போல.
உள்ளேயும் வராது,
போய்த்தொலையவும் செய்யாது.

ஜூன் கடைசியில் நாற்பதோடு தொடங்கினேன்.
வாரம் தவறாமல் ஐந்து ஏறியது.
சம்பளம்கூட எனக்கு
அப்படி ஏறியதில்லை.
காகிதத்தில் கணக்குப் போட்டேன்:
இதே வேகத்தில் போனால் புத்தாண்டுக்குள்
மால்காஸையும்
அவன் ரொட்டிக் கூடைகளையும்
சேர்த்தே தூக்கிவிடலாம்.
காகிதம் இன்னும் பையில் இருக்கிறது.
நான்காக மடித்து.

மால்காஸும் புதியவன்தான்.
அடுப்படியில் வெந்த புருவங்கள்,
நூற்றுப்பத்துக் கிலோ உடம்பு,
என்னைவிடக் குறைவாகத் தூக்குகிறான்.
"மூன்று நிமிடம் உட்கார், மக்வாலா"
என்பான், சுவரைக் காட்டி.
உட்காருவது எனக்கு வேலை.
எட்டு மணி நேரம்
அதைத்தான் செய்துவிட்டு வருகிறேன்.
நாற்பது நொடிகூட ஆகியிருக்காது,
மறுபடி கம்பியைப் பிடித்திருப்பேன்.
விழும். நிற்கும். விழும்.
சுண்ணாம்புத் தூள்
மூக்குக்குள் போகும்.

சுவர்க் கடிகாரத்துக்கும் ஒரு கோளாறு.
நொடிமுள்
பன்னிரண்டிலிருந்து ஆறுக்கு
ஜம்மென்று இறங்கும்.
எட்டைத் தாண்டியதும் ஏற முடியாமல்
துடிக்கும்,
அதே இடத்தில்,
டக் டக் டக்,
ஒரு கோடும் நகராமல்.
நான் அதைப் பார்ப்பதில்லை.
பார்த்தால் என் கால்கள் நடுங்கும்.

அக்டோபரில் கிரேனை நிறுத்தினார்கள்.
வருடாந்தரச் சோதனை, ஒன்பது நாள்.
வந்தவர் கம்பிவடத்தைக்
கையுறையால் தடவிக்கொண்டே போனார்.
நோட்டில் எழுதினார்:
தேய்மானம் இல்லை.
அதற்குக் கீழே:
நிறுத்தம் தொடரும்.
இரண்டு வரிக்கும் நடுவில்
'ஆனால்' என்றுகூட எழுதவில்லை.

தங்கை வீட்டுக்குப் போனேன்.
வால்நட் உலுக்கும் காலம்.
பச்சைத் தோல் உரித்து உரித்து
விரல்கள் கறுத்துப்போயின.
தூங்கினேன்.
பகலில்.
காலணியோடு.
மூன்றாம் நாள் உள்ளங்கைக் காய்ப்பு
தானாகவே உரிந்து
தேநீர்த் தட்டில் விழுந்தது.
அங்கே ஒரு மூட்டையைக்கூட நான் தூக்கவில்லை.
தங்கை ஏசினாள்:
"பளு தூக்குகிறாளாம், பளு!"

திரும்பி வந்தபோது
கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி
ஜன்னலோரம் வைத்திருந்தான் மால்காஸ்.
"புதுசு வாங்க ஆள் இல்லையா?"
"இது கொஞ்சம் கிடக்கட்டும்" என்றான்.
எனக்கு வாய்வரை ஏதோ வந்தது.
கறுத்த கையில் தூளைப் பூசினேன்.

எண்பது எழுந்தது.
எழுந்துவிட்டது என்று
எனக்கே தெரியவில்லை.
முழங்காலைத் தேடிக் குனிந்து பார்த்தேன்,
கம்பி
தொடைமேல் இருந்தது.
மால்காஸ் கத்தியதில்
மேலே பேருந்துக்கு நின்றவர்கள்
ஜன்னல் வழியே குனிந்தார்கள்.

அவசரப் புத்தி.
இரண்டரையைச் சேர்த்தேன்.
நாலு விரற்கடை கீழே
அதே படியில்
அதே வீட்டுக்காரர்.

கம்பியை வைத்தேன்,
போடவில்லை, வைத்தேன்.
லாரி டயர்மேல் உட்கார்ந்தேன்.
மால்காஸ் பேட்டரியைப் பொருத்தினான்.
முள் இறங்கியது,
ஆறு, ஏழு, எட்டு,
கொஞ்சம் யோசித்தது.
ஏறியது.
இரண்டாம் சுற்றும் ஏறியது.
மூன்றாவதில்
எட்டுக்கு அப்பால்
துடிக்கத் தொடங்கியபோது
நான் இன்னும் உட்கார்ந்தேயிருந்தேன்,
கறுத்த விரல்களை
ஒவ்வொன்றாய் மடக்கி,
நீட்டி.