அறுபத்துமூன்றாவது புதன்

நாய் மூன்று தடவை குரைக்கும்.
அப்புறம் முர்சகான் வீட்டு வாளி உருளும்.
கண் திறந்தால் கூரையில் அதே ஈரக்கறை,
இடது கண்ணோரம் மூன்று சிவப்புப் புள்ளி,
என்னிடம் மிச்சமிருக்கும் உயிர்.
மூன்றும் அணைந்தால் மறுபடி நாய்.

ஸ்வானெத்திக்கு நான் வந்தது மாட்டு வைத்தியத்துக்கு.
செவ்வாய் இரவு மினிபஸ்ஸில், மடியில் மருந்துப்பெட்டி,
முன்சீட்டில் ஒருவர் வழியெல்லாம் வெங்காயம் தின்றார்.
முர்சகானின் பசு கன்று போடத் திணறுகிறது,
காலையில் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.
ஊர்க்கோடிக் கற்கோபுரத்தின் கதவு
திறந்து கிடந்தது என் குற்றமா?

முதல் சாவு முதல் மாடியிலேயே.
ஏணியின் நாலாவது படி உளுத்திருந்தது தெரியவில்லை.
செத்துப் பிழைத்தேன் என்பார்களே,
அதை ஓர் எழுத்து பிசகாமல் செய்தவள் நான்.

இரண்டாம் மாடியில் சாவி, பார்லிக் குதிருக்குள்.
மூன்றாவதில் ஒரு கல் கேள்வி கேட்கும்,
தப்பாய்ச் சொன்னால் தரை விலகும்.
(விடை: உப்பு. அதற்குப் பதினொரு சாவு.)
நாலாவதில் வாள்.
ஐந்தாவதில் அது.

ஓநாய் என்றால் முழு ஓநாயும் இல்லை.
மலையாட்டுக் கொம்பு, கரடி முதுகு,
தலைக்கு மேலே ஒரு பச்சைப் பட்டை.
வெட்ட வெட்டக் குறையும்,
நான் மூச்சு வாங்குவதற்குள் நிரம்பும்.
பழைய குருடி கதவைத் திறடி.
நாய். வாளி.

இருபது முறைக்குப் பின் வெறி பிடித்தது.
எந்த அடிக்கு எத்தனை குறையும்,
எந்தப் பக்கம் உருண்டால் கொம்பு படாது,
சுவரெல்லாம் மனசுக்குள் கணக்கு.
முர்சகான் வாசலில் நின்று
"டாக்டர் லமாரா" என்று கூப்பிடுவது
எங்குரி ஆற்று இரைச்சல்போல் ஆகிப்போனது.
இந்த ஊரில் ஆற்றை யார் கேட்கிறார்கள்?

பொழுது சாயும்வரை உயிரோடிருந்த நாட்களில்
கோபுரத்துத் துளை வழியே பார்த்திருக்கிறேன்.
தொழுவத்தில் விளக்கு எரியும்.
பிறகு அணையும்.
பசுதான் காலையில் எழுந்துவிடுமே என்று நினைத்துக்கொள்வேன்.
எல்லாரும் எழுந்துவிடுவோம்.

அறுபத்திரண்டாவது முறை
குளிரில் விரல் மரத்து வாள் நழுவியது.
மூலையில் ஒண்டிச் சாவுக்குக் காத்திருந்தேன்.
அது என் பையைக் கிழித்து, உள்ளே இருந்த
இறைச்சி ரொட்டியைத் தின்றது.
வலது பக்கத்தில் மட்டும் மென்றது.
குனிந்து பார்த்தேன்.
இடது தாடை வீங்கி, சீழ் நாற்றம்.
அறுபத்தோரு தடவை அந்த வாய்க்குள் போயிருக்கிறேன்,
பல்லைப் பார்த்ததில்லை.
நான். கால்நடை மருத்துவர்.

நாய். வாளி.
வாளை விட்டுவிட்டு மயக்க ஊசியை எடுத்தேன்,
குளம்புக் குறட்டை,
கன்று இழுக்கும் கயிற்றை.
"டாக்டர்" என்றார் வாசலில்.
"இதோ வருகிறேன்" என்றேன்.

பல் என் முழங்கை நீளம்.
கயிற்றைக் கட்டி, சுவரில் கால் ஊன்றி,
இருட்டும்வரை இழுத்தேன்.
வந்தது.
பெருமூச்சு விட்டு அது தூங்கிப்போனது,
பச்சைப் பட்டை முழுசாக நின்று, புகையாய்க் கலைந்தது.
மணி ஒலிக்கவில்லை, பொன் கொட்டவில்லை.
கண்ணோரத்தில் ஒரு புள்ளிகூட இல்லை,
எல்லாரையும்போல
எண்ணிக்கை தெரியாத உயிர் எனக்கும்.

நாய் குரைக்கவில்லை.
வெளியே நான் பார்த்தே இராத புதுப்பனி.
தொழுவத்திலிருந்து ஆற்றுப்பக்கம்வரை
கனமான எதையோ இழுத்துப்போன தடம்.

முர்சகான் திட்டவில்லை.
உள்ளே கூப்பிட்டு, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்தார்.
உப்பை என் பக்கம் நகர்த்தினார்.
என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார்,
அது எப்படிக் கறைபட்டது என்று கேட்கவில்லை.

"நேற்று எங்கே போயிருந்தீர்கள்?"

நேற்று.
அந்தச் சொல்லை யார் வாயிலும் கேட்டு
எனக்கு இரண்டு மாதம் ஆகிறது.