நாலு ஸ்லாட்

மண்ணடிக் கடையின் கண்ணாடி மேல்
இரண்டு அட்டைப்பெட்டிகள்.
ஒன்றில் ராம் செருக இரண்டு பள்ளம்,
ஆறாயிரத்து இருநூறு.
மற்றதில் நாலு,
ஏழாயிரத்துத் தொள்ளாயிரம்.
மற்றபடி ஒரே சிப்செட், ஒரே சாக்கெட்.
என் ப்ராசஸர் இரண்டிலும் உட்காரும்.
அதைத்தான் முதலில் வாங்கிவிட்டேன்,
சட்டை எடுக்குமுன் பொத்தான் வாங்கியவன் மாதிரி.

'இன்னாத்துக்குடா நாலு?' என்றான் ரெஜினால்டு.
'உன்கிட்ட இருக்கறதே ரெண்டு குச்சி.
மிச்ச ரெண்டுல இன்னா,
ஊதுவத்தி சொருவப் போறியா?'

ஜக்கரியா பாய் சிரிக்கவில்லை.
டாக்டர் மாதிரி ஒரு கேள்விதான் கேட்டார்:
'வீட்லேர்ந்து கடல் எவ்ளோ தூரம்?'
ஜன்னல் திறந்தா கருவாடு வாசனை வரும் பாய்.
'அப்ப சும்மா போட்டு வெக்காதே.
தினம் கொஞ்ச நேரமாவது சூடேறணும்.
தூங்கவிட்டா செம்பு பச்சையாப் பூத்துரும்.'

வைஃபை வேண்டாம் என்றேன்.
மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து
துணிக்கொடியோடு கொடியாக
ஒயர் வருகிறது எனக்கு.
வண்ண விளக்கும் வேண்டாம்.
நாலு பள்ளம் மட்டும் வேண்டும்.

ஆயிரத்து எழுநூறு என்பது
மணலி யார்டில் ஐந்து ராத்திரி.
கைவிளக்கும் அட்டையுமாக
கன்டெய்னர் எண்களைக் குறிக்கிற வேலை.
எங்களுடையது காலிப்பெட்டி யார்டு.
சரக்கு இறக்கிய பெட்டிகள்
ஐந்தடுக்காய் நின்று
அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கும்.
ஒவ்வொரு வரியின் முடிவிலும் எழுதுவேன்:
எம்ப்டி. எம்ப்டி. எம்ப்டி.
உள்ளே ஒன்றுமில்லாத இரும்புக்கும்
நாள் வாடகை போட்டு பில் அனுப்புகிறது கம்பெனி,
யாரோ கட்டவும் கட்டுகிறார்கள்.

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் எங்கள் அறை.
ஒரு ஆணியில் மூன்று பை.
கட்டிலுக்கடியில் கேஸ் சிலிண்டர்,
சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவில்
தங்கச்சியின் செருப்பு,
செருப்புக்குள் அவள் சாவி.
வாங்கும் எதற்கும்
எங்கே வைப்பாய் என்பதுதான் முதல் விலை.

இதையெல்லாம் ரெஜினால்டிடம் சொல்லவில்லை.
'அப்பறம் போட்டுக்கலாம்டா' என்றேன்.
'எப்ப?'
தெரியவில்லை.
பணத்தை எண்ணி வைத்தேன்.
ஒரு நூறு ரூபாய் நோட்டு கிழிந்திருந்தது,
பாய் பார்த்தும் வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை ராத்திரி, சோறு தின்ற இடத்தைத் துடைத்துவிட்டு
தினத்தாள் விரித்து உட்கார்ந்தேன்.
இரும்பு ஜன்னலைத் தொட்டுவிட்டுத்தான்
போர்டைத் தொட்டேன்.
ஒன்பது திருகு.
ஒன்று உருண்டு சிலிண்டர் பக்கம் போயிற்று,
தங்கச்சி குண்டூசிக்காந்தத்தால் மீட்டாள்.

முதல் தடவை விசிறி சுற்றி நின்றுவிட்டது.
திரை கறுப்பு.
அம்மா தூக்கத்திலேயே 'ஃபியூஸா?' என்றாள்.
எனக்குக் காது அடைத்தது.
ஐந்து ராத்திரி, அதோடு மற்ற எல்லா ராத்திரியும்.
பிடுங்கி, திரும்பப் படித்து,
ராம் குச்சியைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.
உடைந்துவிடும் என்று பயந்த அளவையும் தாண்டி
இன்னும் கொஞ்சம்.
டக்.

விளக்கு ஒருமுறை மங்கி வந்தது,
கீழே யாரோ தண்ணீர் மோட்டார் போட்டிருக்க வேண்டும்.
பிறகு நீலத்தில் திரை.
தேதி தப்பாக இருந்தது.
எட்டு வருடம் பின்னால்,
நான் பத்தாவது தேறாத வருடம்.
அதை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று கீழே போனேன்.

ஸ்லாட் ஒன்று: எம்ப்டி.
ஸ்லாட் இரண்டு: எட்டு ஜிபி.
ஸ்லாட் மூன்று: எம்ப்டி.
ஸ்லாட் நாலு: எட்டு ஜிபி.

அந்த வார்த்தையை
எங்கள் வீட்டுக்குள் எழுத்தில் பார்ப்பது
அதுதான் முதல் தடவை.
தங்கச்சி விரல் வைத்துக் கேட்டாள்,
'இது இரண்டும் கெட்டுப்போச்சா?'

இல்லை என்றேன்.
விளையாட்டு எதுவும் ஏற்றாமல்
கொஞ்ச நேரம்
அந்தப் பக்கத்தையே திறந்து வைத்திருந்தோம்.