ஒட்டுவிட்ட இடம்

விடிந்து விளக்குப் போட்டதும் கேட்கிறார்கள்:
வலி எத்தனை?
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒன்று சொல்ல வேண்டும்.
முதல் நாள் எட்டு என்றேன்.
எட்டுக்குரிய முகம் சுவரில் தொங்கியது,
வாய் கவிழ்ந்த மஞ்சள் வட்டம்.
என் வலிக்கு வாய் கிடையாது.
இடுப்பில் பிடித்து இடது சுண்டுவிரல்வரை
ஈரக் காகிதத்தை உரிப்பதுபோல
ஒரே இழுப்பு.

முப்பத்தொரு வருஷம் இன்சியோனில்
அடுக்குமாடிகளுக்குக் காகிதம் ஒட்டியவள் நான்.
சுவரை யாரும் ஒட்டலாம்.
கூரை என்றால் பியோ மல்சுன்னைக் கூப்பிடு என்பார் மேஸ்திரி.
அண்ணாந்த கழுத்தும் பின்வளைந்த இடுப்புமாக
எத்தனை பேர் தூங்கப்போகும் இடத்துக்கு மேலே
கை நீட்டி நின்றிருக்கிறேன்.

பிறகு அறுவை.
நான்காம் எலும்புக்கும் ஐந்தாம் எலும்புக்கும்
நாலு திருகாணி, இரண்டு கம்பி.
"அருமையாகச் சேர்ந்திருக்கிறது" என்று
படத்தைக் காட்டினார் டாக்டர்.
படத்தில் அருமையாகத்தான் இருந்தது.
படத்தை அவரிடம் விட்டுவிட்டு
வலியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இங்கேயும் அதே படம்தான்.
சோக் ஹேரியோங் என்ற வைத்தியர்
வெகுநேரம் பார்த்தார். திரையை அணைத்தார்.
என் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து
பாதம் குளிருமா என்று கேட்டார்.
இரண்டு வருஷமாக என் பாதத்தை
யாரும் விசாரித்ததில்லை.
சொல்ல வந்தேன், தொண்டை அடைத்தது.

ஊசிகள். முழங்காலுக்குப் பின்னால், கணுக்காலில்,
வலி இல்லாத இடத்திலெல்லாம்.
தேனீ விஷம், நீர்த்தது.
முதலில் முன்கையில் ஒரு சொட்டு வைத்து
சிவக்கிறதா என்று கடிகாரம் பார்த்தார்கள்.
"திருகாணி இருக்கும் இடத்தைத் தொடமாட்டேன்,
அண்டை வீட்டாரோடு பேசிப் பார்க்கிறேன்" என்று
இடுப்பெலும்பை அசைத்தார் ஹேரியோங்.
பழைய மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, பாதியாக்கினார்.
காய்ச்சிய மருந்து பையில் வரும், சூடாக, மூன்று வேளை.
ஐந்தாம் நாள் கசப்பு பழகிவிட்டது.
வலி பழகவில்லை.

மல்லாந்து கிடந்தால் கூரை.
மூன்றாம் படுக்கைக்கு மேலே காகிதம் ஒட்டுவிட்டு
நாக்குபோலத் தொங்கியது.
எவனோ அவசரக்காரன், மூலையில் பசை தடவவில்லை.
ஏழு இரவு அதையே பார்த்தேன்.
எட்டாம் இரவு குக் யோங்நிம்மிடம் சொன்னேன்.
டாக்சி ஓட்டுபவள், இரண்டு முறை கிழித்துத் தைத்த முதுகு.
அவள் தன் மகனைக் கூப்பிட்டாள்.
காலையில் மிச்சம் வைத்த அரிசிக் கஞ்சிதான் பசை.
நாற்காலியில் ஏறினான், நெட்டையன்.
"இடது. இன்னும் இடது.
விரலால் வேண்டாம், உள்ளங்கையால். நடுவிலிருந்து வெளியே."
செவிலி வந்து திட்ட வாயெடுத்து
அண்ணாந்து நின்றுவிட்டாள்.
ஒரு ஓரத்தில் சுருக்கம் விழுந்தது. விழட்டும்.
அன்றிரவு நான்கு மணி நேரம் தூங்கினேன்.

மறுநாள் எத்தனை என்றார்கள். ஏழு என்றேன்.
அதே ஏழுதான்,
ஆனால் தூங்கி எழுந்த ஏழு.

எங்கள் பேச்சில் நான்குக்கும் சாவுக்கும் ஒரே ஒலி.
லிஃப்டில் நான்காம் மாடிக்கு எண் இல்லை,
ஆங்கில எழுத்து ஒன்று நிற்கிறது.
இருபத்திரண்டாம் நாள், காலுறையை
நானே குனிந்து போட்ட காலையில்
எத்தனை என்று கேட்டார் ஹேரியோங்.
ஐந்துக்கும் மூன்றுக்கும் நடுவில் என்றேன்.
சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஏறினேன்.
எனக்கு முன்னால் ஏறி
ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது வலி.
கொஞ்சம் தள்ளி உட்கார் என்றேன்.
தள்ளி உட்கார்ந்தது.