வெள்ளையடித்த பின்

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு
கொழிஞ்சாம்பாறை பஞ்சாயத்துக் கூடத்தில்
மேற்குச் சுவரைப் பார்த்து ஏழு பேர் நிற்போம்.
ஜன்னல் வழியே பார்ப்பவர்களுக்கு
ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பிள்ளைகள்.

விரல்களால் சுவரேற வேண்டும்.
ஆள்காட்டி ஒரு கால், நடுவிரல் ஒரு கால்.
ஒந்நு, ரெண்டு, மூந்நு என்று ஜிஸ்மி எண்ணுவாள்,
மண்ணார்க்காட்டுப் பெண்.
முதல் நாள் ரப்பர் பட்டையைக் கையில் கொடுத்து
"வலிக்கூ, வலிக்கூ" என்றாள்.
வலிக்குது கண்ணு, அதை நீ வேற சொல்லோணுமா
என்றாள் மயிலாத்தாள்.
அவள் பாஷையில் அதற்கு இழு என்று அர்த்தமாம்.
அறுவைக்குப் பிறகு அன்றுதான்
தையல் இழுக்க இழுக்கச் சிரித்தேன்.

யார் எதுவரை ஏறினோம் என்று
ஆசாரிப் பென்சிலால் கோடு, பக்கத்தில் முதலெழுத்து.
என் கோடு நெற்றி உயரத்திலேயே
ஒன்றரை மாதம் கிடந்தது.
பால் சொசைட்டியில் நாற்பது லிட்டர் கேனை
இடுப்பு முட்டுக்கொடுத்து வண்டியேற்றியவள் நான்.
இப்போது கேனின் மூடி மட்டும் என் பொறுப்பு.
இடக்கையில் ஊசி கூடாது,
பிரஷர் பட்டை கூடாது,
வெயிலிலும் முழங்கைக்கு மேல்வரை இறுக்கும் உறை.
மாடுகூட ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சுபைதாவுக்கு அலமாரியின் மேல்தட்டு எட்டினால் போதும்.
விலாசினிக்கு முதுகுக் கொக்கி.
எனக்குப் பொள்ளாச்சி பஸ்ஸின் மேல்கம்பி,
கோபாலபுரம் செக்போஸ்ட் நெரிசலில்
யார் தோளையும் பிடிக்காமல்.

நாச்சாத்தாள் மட்டும் எதையும் சொல்லவில்லை.
பாடியின் ஒரு பக்கம் ராகி நிரப்பித் தைத்துக்கொண்டவள்.
மழையில் நனைந்து அது முளைவிட்டுவிட்டதென்று
அவளே சொல்லிச் சிரித்தாள்.
நிஜமா என்று நாங்கள் கேட்கவில்லை.
ஆவணியில், முதுகெலும்பில் என்றார்கள்.
திருச்சூர் போனவள்
அடுத்த செவ்வாய்க்கு வரவில்லை,
அதற்கடுத்த செவ்வாய்க்கும்.

அப்புறம் தேர்தல் வருகிறதென்று
கூடத்துக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்.

சுவர் ஈரமாக,
யாருக்கும் எதுவும் ஆகாத மாதிரி நின்றது.
ஆறு பேரும் திட்டினோம், இரண்டு மொழியில்.
சுபைதா பென்சிலை வாங்கினாள்.
ஸ்டூல் போட்டு ஏறி
தன் கோட்டை எங்கேயோ உயரத்தில் கீறினாள்.
ஈரச் சுண்ணாம்பில் பள்ளமாக இறங்கியது.
"போன வாரமே இங்கதான் இருந்துச்சு."
ஜிஸ்மி மறுத்துப் பேசவில்லை,
ஸ்டூலை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

நாச்சாத்தாளுடையது எங்கே?
கண் உயரம் என்றேன் நான்.
அதுக்கும் ஒரு சாண் மேலே, மயிலாத்தாள்.
ஸ்விட்ச் பெட்டிக்கு நேராக, விலாசினி.
பேச்சு வளர்ந்து யாரோ அழ ஆரம்பித்தார்கள்.
சுவர் காயட்டும் என்று விட்டுவிட்டோம்.

திரும்பும் பஸ்ஸில் இடமிருந்தது.
நின்றேன்.
கம்பி எட்டவில்லை,
அதில் தொங்கும் பட்டை எட்டியது.
உள்ளே காலியாத்தான இருக்கு, உக்காருங்க என்றார் கண்டக்டர்.
வண்ணாமடை வளைவில் பஸ் சாய,
வலிக்கூ, வலிக்கூ என்றது கை.
எந்த மொழியில் என்று
எனக்கும் தெரியவில்லை.