பதினைந்தாம் நம்பர் ஸ்பேனர்

நவம்பரில் வந்தது பெட்டி, போலந்திலிருந்து.
என் உயரத்தில் பாதி.
உள்ளே, நுரைத்தாள் சுற்றிய
மூன்று அங்குலத் துருப்பிடிக்காத குழாய்.
தையல் போட்ட மாதிரி வெல்டிங்.
நடுவில் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததற்குத்தான் நானூற்றுப் பத்து யூரோ.

கம்பெனிக் குழாயில் அதே இடத்தில்
பீங்கானில் ஒரு தேனடை.
ஆயிரம் கண்களுக்குள் நசுங்கி நுழையும் புகை
தன் கெட்ட புத்தியை அங்கேயே விட்டுவிட்டு
பின்வழியே வந்து
கயானி ஊரின் பனியில் யாருக்கும் தெரியாமல் கரைகிறது.
டர்போவின் வாயை உள்ளங்கையால் பொத்துகிறாய்
என்கிறான் தாலினில் இருக்கும் தார்வோ.
மடிக்கணினியில் வரைபடம் வைத்திருக்கிறான்:
நீலக் கோட்டுக்கு மேலே சிவப்புக் கோடு,
இடையில் இருபத்திரண்டு குதிரைகள்.
மூவாயிரம் சுற்றில் விழிப்பது
இரண்டாயிரத்து எழுநூறிலேயே விழித்துக்கொள்ளுமாம்.
விழித்து எங்கே போக என்று அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை,
மரம் அறுக்கும் ஆலைக்குப் பதினோரு கிலோமீட்டர்,
வழியில் இரண்டு வேகக் கேமரா,
எப்போதாவது ஒரு கடமான்.

சனிக்கிழமைதோறும் காருக்கு அடியில் படுக்கிறேன்.
மூன்று நட்டுகள்.
எட்டு வருடச் சாலை உப்பு
போல்ட்டையும் நட்டையும் ஒரே துருவாக்கி வைத்திருக்கிறது.
ஒவ்வொன்றுக்கும் எண்ணெய், இரண்டு பீச்சு.
முடிவெடுத்தபின் கழற்றச் சுலபமாக இருக்குமே என்றுதான்.
டிசம்பரில் பீச்சினேன், ஜனவரியில் பீச்சினேன்,
பிப்ரவரியில் விரல் விறைத்து
என் நெற்றியிலேயே பீச்சிக்கொண்டேன்.

ஜூன் பதினொன்று வாகன ஆய்வு.
எஸ்கெலினென் பின்குழாயில் கருவியைச் செருகி
எண்ணைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்.
அன்றைக்கு மட்டும் பழையதை மாட்டிக் காட்டு,
மறுநாள் புதியது, எல்லாரும் செய்வதுதான்
என்கிறான் தார்வோ.
எல்லாருக்கும் இரண்டு முதுகு இருக்கும்போல.

அப்புறம் அந்த மஞ்சள் விளக்கு.
சென்சார் தேனடையைத் தேடும், காணாது, ஏற்றிவிடும்.
மென்பொருளை மாற்றி எழுதினால்
தேடாமலே இருக்கப் பழகிக்கொள்ளுமாம்.
அதைக் கேட்டபோது ஏனோ
கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை
முதல் நட்டு விரலுக்கே திரும்பிவிட்டது.
இரண்டாவதும்.
ஐந்து மாதச் சாக்குப்போக்கு
எண்ணெயில் நனைந்து
உள்ளங்கையில் கிடந்தது.

உல்ப்பு கேரேஜுக்குள் வந்து
அடுக்கி வைத்த பனி டயர்கள்மேல் உட்கார்ந்தாள்.
சத்தம் கூடும், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை,
நீ கிளம்புவதோ விடிகாலை நான்குக்கு
என்று அவளே சொல்லட்டும்,
அதைச் சொல்லியே பெட்டியை விற்றுவிடலாம்
என்று காத்திருந்தேன்.
அவள் சொன்னாள்:
"பன்னிரண்டு வருஷம் நீ பேசாமல் இருந்து பார்த்தாச்சு.
காராவது பேசட்டும்."

படுத்தபடியே ஆரம்பித்தேன்.
தேனடை, குதிரைகள், எஸ்கெலினெனின் கருவி.
இதோ இந்த இடத்தில் குழாயில் ஒரு பள்ளம்,
விரிசல் இல்லை, அடிபட்டதும் இல்லை,
ஸ்டியரிங் தண்டுக்கு வழி வேண்டும் என்று
யாரோ ஒருவர் வரையும்போதே விட்டுக்கொடுத்திருக்கிறார்,
அதைத் தடவித் தடவிப் பார்க்கிறேன்,
அப்புறம், எனக்கு ஐம்பத்தொன்று ஆகப்போகிறது,
எதையும் முழுசாகத் திறந்துவிட்டுப் பார்த்ததில்லை.
கடைசியில் சொன்னது எனக்கே செய்தி.

அவள் தன் ரப்பர் பூட்ஸால்
வெளியே நீட்டியிருந்த என் பாதத்தைத் தட்டினாள்.
மூன்றாவது நட்டு?
இன்னும் பிடிவாதம்.
எந்த ஸ்பேனர்?
பதினைந்து.
நீட்டினாள். வாங்கினேன். பதினான்கு.
நட்டின்மேல் வைத்துப் பார்த்தேன்,
உட்காரவில்லை.
வேறு கேட்க நானும்,
வேறு எடுக்க அவளும்
அவசரப்படவில்லை.