உன் இஷ்டம்

ரெலாவ் அடுக்குமாடியில் எங்களுக்குப் பதினொன்றாம் மாடி.
மின்தூக்கியில் கீழ்வீட்டு ஜெகதாம்பாள் சொன்னாள்:
"உங்க வீட்டுல கைலி கட்டுறது நீதானாமே?"
சிரித்தேன். அவள் ஒன்பதில் இறங்கிக்கொண்டாள்.
மிச்ச இரண்டு மாடிக்கும்
அந்தச் சிரிப்பு முகத்திலேயே இருந்தது,
கழற்றிவைக்க இடமில்லாமல்.

பாயான் லெப்பாஸில் என் ஷிப்டில் நாற்பத்திரண்டு பேர்,
அதில் பத்தொன்பது ஆண்கள்.
ஆம்பளை புத்தி, பொம்பளை புத்தி என்று பிரித்துப் பார்க்க
அங்கே யாருக்கும் நேரமில்லை.
லைன் நின்றுபோனால் எல்லோருக்கும் ஒரே வேர்வை.
பேச்செல்லாம் கேட்டுக்கு வெளியேதான்.
மாமாக் கடையில் உன் கூட்டாளிகள்
என்னைப் பெரிய தொரை என்கிறார்களாம்.
நீயே வந்து சொன்னாய் குணாளன்,
வாயில் தே தாரிக் வாசத்தோடு,
கொஞ்சம் பெருமையாகக்கூட.
(பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன் என்று
அதற்கும் ஒரு பேச்சு உண்டு.)

ஆமாம், நான்தான்.
வீட்டுக் கடன் எத்தனை வருடம், நான்.
மகளுக்குத் தமிழ்ப்பள்ளியா சீனப்பள்ளியா, நான்.
கூடத்துச் சுவரில் இந்தப் பாழாய்ப்போன பச்சை, அதுவும் நான்.
கடைக்காரர் வண்ண அட்டையை உன்னிடம்தான் நீட்டினார்,
ஆம்பளையாயிற்றே என்று.
நீ பிரித்தும் பார்க்காமல் என் பக்கம் தள்ளினாய்.
"உன் இஷ்டம்."

பதினேழு வருடத்தில்
நீ ஒரு தப்பும் செய்ததில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கு
சர்க்கரை முற்றி உன் அம்மாவின் இடது கால் கறுத்துக் கிடந்தது.
டாக்டர் உன்னைத்தான் கேட்டார், மகன் நீதானே.
உன் அக்காமார் இரண்டு பேரும்
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.
நீ என்னைப் பார்த்தாய்.
எடுத்துடலாம், என்றேன்.
கையெழுத்துப் போட்டாய். அழகான கையெழுத்து உனக்கு.
பிறகு இரண்டு வருடம்,
குளிப்பாட்டும்போதெல்லாம் அவர் என்னைக் கேட்டார்,
என் காலைக் கொண்டுபோய் எங்கடி வச்சே?
கூடத்தில் நீ
டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவாய்.

அதிகாரம் என்கிறார்கள். இருக்கலாம்.
எனக்கு அது பிடிக்கவும் செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன்:
என் பைக்குள் எல்லாச் சாவியும் குலுங்குவது,
பேங்கில் என் பெயரை முதலில் கூப்பிடுவது.
ஆனால் விடியற்காலை மூன்று மணிக்குக்
கூரையை எண்ணிக்கொண்டு கிடப்பது யார் என்று
உன் கூட்டாளிகளிடம் சொன்னாயா?
உனக்குக் குறட்டை ஒழுங்காக வருகிறது.

போன செவ்வாய்க்கிழமை, மழை.
கிரீன் லேனில் ஃபாக்டரி பஸ் நகரவில்லை.
முன்னால் உன் மஞ்சள் பள்ளி வேன்,
விளக்கெல்லாம் மினுக்கிக்கொண்டு பழுதாகி நின்றது.
நீ இறங்கினாய். குடையில்லை.
வந்துகொண்டிருந்த சிமெண்ட் லாரியைப் பார்த்து
ஒரு கையைத் தூக்கினாய்.
லாரி நின்றது.
தூக்கிய கையை இறக்காமலே
ஒன்பது பிள்ளைகளை எதிர்ப்பக்கம் கடத்தினாய்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வரவில்லை.
உன் வாய் அசைந்ததை வைத்துத் தெரிந்தது,
எதுவும் கேள்வியில்லை.

பக்கத்து இருக்கை நோர்ஹயாத்தி கேட்டாள்,
யார் அந்த ஆள், தெரிந்தவரா?
தெரியாது என்றேன்.

ராத்திரி தலை துவட்டிக்கொண்டே வந்தாய்.
"சாப்பாட்டுக்கு என்ன பண்ணலாம்?"
உன் இஷ்டம், என்றேன்.

நீ குளிர்பெட்டியைத் திறந்துகொண்டு நின்றாய்.
முட்டை இருந்தது, நேற்றைய சம்பல் இருந்தது,
பாதி முட்டைக்கோஸ்.
அதிக நேரம் திறந்திருந்தால் மூடச் சொல்லிக் கத்தும் பெட்டி.
கத்தியது.
திரும்பி என்னைப் பார்த்தாய்.
நான் எழுந்திருக்கவில்லை.
மடியில் வைத்திருந்த என் கைதான்
ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு,
விடு விடு என்றது.