வெள்ளை அட்டை

முதலில் செல்போனில் தேடி எடுத்த படங்களைத்தான் மாட்டினேன்.
சாப்பாட்டுக்கு
முள்கரண்டி வைத்த பீங்கான் தட்டு.
முப்பிடாதி அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு
சத்துணவுக் கூடம் முழுக்கத் தேடினாள்
அந்தத் தட்டை.
சோறு ஆறிப்போனது.
தப்பு அவளுடையதில்லை.

மறுநாள் எங்கள் தட்டையே படமெடுத்தேன்,
விளிம்பு நசுங்கியதை.
எங்கள் குழாயை.
மணியாய்த் தொங்கும் தண்டவாளத் துண்டை.
‘கொளாய்க்கு எதுக்கு டீச்சர் லேமினேஷன்?’
என்றார் முக்கூடல் பஜாரில் கடைக்காரர்.
பதில் சொல்லப் பொறுமையில்லை, காசு கொடுத்தேன்.

அவள் அம்மா சுப்புத்தாய்
புகையிலை மணக்கும் விரலால்
ஒவ்வொரு அட்டையாய்த் தொட்டுப் பார்த்தாள்.
‘இலை, தூளு, சுருட்டு, நூலு.
ஒண்ணு மாறுனா பீடி அவுந்துரும்லா’
என்றாள்.
பீடி நூலை எட்டுப் பிரியாய் முறுக்கி
சன்னலுக்கும் பீரோவுக்கும் இடையே
அவளே கட்டிவிட்டுப் போனாள்.
துணிக் கிளிப் என் செலவு.

மணி. வணக்கம். தமிழ்.
பதினொன்று பத்துக்குக் குழாய்.
முடிந்த அட்டை பிஸ்கட் டப்பாவுக்குள் விழும்,
டொக்.
அந்தச் சத்தத்துக்கு
அவள் ஒருமுறை கைதட்டுவாள்,
மற்ற முப்பத்தொரு பேரும்
அடுத்த நோட்டை எடுப்பார்கள்.

வட்டாரக் கல்வி அலுவலர் வந்து
சுகாதாரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார் ஒருநாள்.
முப்பிடாதி எழுந்து அட்டையைக் கழற்றினாள்.
டொக்.
சொரிமுத்து சொன்னான்,
‘நீங்க முடிஞ்சிட்டீங்க சார். இப்ப தண்ணி.’

எல்லா நாளும் இப்படியில்லை.
பழைய குழாய் உடைந்து
நீலக் குழாய் வந்த அன்று
தரையில் தலையை இடித்து அழுதாள்.
இரண்டு நாள் பள்ளியில் தண்ணீரே குடிக்கவில்லை.
நீலத்துக்கு ஒரு படம் எடுக்க
எனக்கு இரண்டு நாள் ஆனது.
அதை நான் டப்பாவில் போட முடியவில்லை இன்னும்.

ஐப்பசியில் மாறுதல் ஆணை.
ராதாபுரம் பக்கம், காற்றாலைகளுக்கு நடுவே ஒரு பள்ளி.
என் இடத்துக்கு வருவது யார்?
யாருமில்லை. காலிப்பணியிடம்.
காலிப்பணியிடத்தை எப்படிப் படமெடுப்பது?

ஐந்து நாளுக்கு ஐந்து அட்டை மாட்டினேன்.
நான்கில் என் முகம்.
வெள்ளிக்கிழமைக்கு வெறும் வெள்ளை.
அதைக் கழற்றி முகர்ந்தாள்.
திருப்பினாள், பின்னாலும் வெள்ளை.
மாட்டிவிட்டு
என் முகம் ஒன்றை எடுத்துப் போட்டாள்.
டொக்.
‘இன்னைக்கு திங்கதான் முப்பிடாதி’ என்று
திரும்ப மாட்டினேன்.
மறுபடி போட்டாள்.
மறுபடி மாட்டினேன்.
வகுப்பு பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது அட்டைகள்
சத்துணவு அமலோற்பவம் அக்கா பொறுப்பு.
காலையில் அரிசி களைந்த ஈரக்கையோடு மாட்டுகிறாள்,
முன்பின் மாறினால்
முப்பிடாதி சரிசெய்கிறாளாம்.

நேற்று பதினொன்று பத்துக்கு போன்.
‘டீச்சர், கொளாய மறுக்க மாத்திட்டாவ,
சில்வரு. பிள்ள குடிக்க மாட்டேங்கா.
போட்டோ எப்படி எடுக்க?’

‘கிட்டக்க போங்க அக்கா.
வெயில் முதுகுக்குப் பின்னால இருக்கட்டும்.
உங்க விரல் விழக் கூடாது,
கொளாய் மட்டும்.’

காற்றாலை இரைச்சலில் பாதிதான் கேட்டது அவளுக்கு.
இன்னொரு தரம் சொன்னேன்.

‘அப்புறம் அந்த வெள்ள அட்டை டீச்சர்,
அத மட்டும் டப்பாவுல போடவே மாட்டேங்கா.
கையிலயே வச்சிருக்கா.
வாங்கிரவா?’

‘வேண்டாம்’ என்றேன்.
‘மொதல்ல போட்டோ எடுங்க.
பிள்ளைக்குத் தாகமா இருக்கும்.’